ஏழாம் பக்கத்து மூக்கு

மாலைப் பத்திரிகை ஒன்றின் அச்சு மிஷினை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிற அந்த மனிதர், அந்தப் பத்திரிகையை ஒரு நாளும் படித்ததில்லை. கேட்டால், "பாக்கத்தான் சம்பளம், படிக்க இல்ல" என்பார்.

பார்ப்பது என்றால் சும்மா பார்வை இல்லை. நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தாளின் மூலையில் இருக்கும் பொடிக் குறியை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மயிரிழை விலகினாலும் திருகைத் தொடுவார். எல்லாம் சரியாகும்வரை ஓடும் தாள் விற்பனைக்குப் போகாது. அதற்கு வேஸ்ட் என்று பெயர். மற்றவர்கள் கையில் முந்நூறு, நானூறு வீணாகும். இவர் கையில் இருநூறைத் தாண்டியதில்லை. அதனால் ஃபோர்மேன் அவருக்கு வைத்த பெயரே 'இருநூறு'.

நல்ல தாளில் ஒன்றை உருவினால் எண்ணிக்கை இடிக்கும். வேஸ்ட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம். ஆக, இருநூறின் வீட்டில் அலமாரித் தட்டிலிருந்து பாடப்புத்தக அட்டைவரை எல்லாம் வேஸ்ட்தான். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்த தலைப்புகளைப் பார்த்துத்தான் மகள் வாசிக்கவே பழகினாள்.

அவள் இப்போது கல்லூரியில் இதழியல் இரண்டாம் வருஷம். அதில் சேர்ந்தபோது அம்மாக்காரி, "வீட்டுக்கு ஒருத்தர் மையோட வர்றது பத்தலையா?" என்று கேட்டதோடு சரி.

பத்திரிகைப் படிப்புக்கென்று ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு நாலு பேருக்கு உதவித்தொகை கொடுத்தது. கிடைத்தால் மீதிப் படிப்பு முழுக்க அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் பகலில் துணிக்கடை வேலை, படிப்பு தபாலில் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்காக யாரும் அழவில்லை. அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவும் இல்லை.

அச்சில் வந்த ஐந்து கட்டுரைகளை வெட்டி, அசலையே விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அவளிடம் கணக்காக ஐந்துதான் இருந்தன. ஐந்தும் அப்பாவின் மிஷினில் ஓடியவை.

கடைசி நாளன்று அவளுக்குப் பரீட்சை. "அப்பா, அந்த அஞ்சு கட்டிங்கையும் ஃபைல்ல ஒட்டி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு ஓடினாள்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஐந்து தாள்களை எடுத்தார். மகள் எழுதியது வரும் நாளிலெல்லாம் அவர் மடித்துக் கொண்டுவந்தவை. கோடு போட்டது மாதிரி வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டி, நாலரைக்கே கொடுத்துவிட்டு வந்தார்.

பரீட்சை முடிந்து வந்த மகள் தன் நோட்டைத் திறந்தாள்.

"அப்பா! எதைக் குடுத்தீங்க?"

"அஞ்சையும்தான்."

"அஞ்சும் இங்கதானே இருக்கு!"

"அது ஏது உனக்கு?"

"கடையில வாங்கினேன்."

"காசு குடுத்தா?" அவர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "நான் அச்சடிச்சத நீ கடையில போய் வாங்கினியா?"

"அப்போ நீங்க வேஸ்ட்டயா குடுத்தீங்க?"

"எழுத்து தெளிவா இருக்கும்மா. கொஞ்சம் நீலம்தான் நகந்திருக்கு."

"கொஞ்சமா? என் பேரே ரெண்டு ரெண்டா தெரியும்!"

"ரெண்டு பேராத் தெரிஞ்சா ரெண்டு பங்கு குடுப்பாங்க, விடுடி" என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நல்ல ஐந்தையும் தூக்கிக்கொண்டு அறக்கட்டளை ஆபீசுக்கு ஓடினார். "கட்டி சீல் வச்சாச்சுங்க" என்று சொன்ன குமாஸ்தா அதற்குமேல் தலையைத் தூக்கவில்லை.

ஆனாலும் மூன்றாம் வாரம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இருநூறு லீவு போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது.

"என்னம்மா கட்டிங் இது, பாத்தா கண்ணு வலிக்குது?" உள்ளே ஓர் அம்மாளின் குரல். "ஓரத்துல பென்சில்ல வேற என்னமோ எழுதியிருக்கு. 'நூத்திப்பத்தாவது தாள், நீலம் எடப்பக்கம் போயிருக்கு, பாப்பா எழுதினது.' யாரு எழுதினது இது?"

வெளியே பெஞ்சில் இருந்தவருக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. வேஸ்ட் தாளில் குறையைக் குறித்து வைப்பது அவர் கை தானாகச் செய்கிற வேலை. ஒட்டும்போது அது கண்ணிலேயே படவில்லை.

"எங்கப்பா. மிஷின் ஓட்டறாரு" என்றாள் மகள். "நல்ல தாள எடுக்கக் கூடாதுன்னு வேஸ்ட்டத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவாரு. பழக்கத்துல அதையே ஒட்டிட்டாரு. நல்லது இதோ என் பையில இருக்கு, பாக்கறீங்களா?"

"அது இருக்கட்டும். வேஸ்ட் எவ்வளவு போகும்?"

"மத்தவங்க கிட்ட முந்நூறு, நானூறு. எங்கப்பா கிட்ட இருநூறு."

பிறகு கேள்வியாய் வந்தது. மிஷின் ஓடும்போது பெரிய செய்தி வந்தால் எந்தப் பிளேட்டை மாற்றுவீர்கள், எத்தனை நிமிஷம் பிடிக்கும், தப்பான வரி ஓடிவிட்டால் நிறுத்தச் சொல்வது யார். அவள் எதற்கும் யோசிக்கவில்லை. சோறு சாப்பிடும்போது சின்ன வயசிலிருந்தே காதில் விழுந்த சங்கதிதானே.

வெளியே வந்தவளிடம், ஒன்றும் கேட்காதவர் மாதிரி, "என்ன கேட்டாங்க?" என்றார்.

"எல்லாம் உங்களப் பத்தித்தான். என்னப் பத்தி ஒண்ணுமே கேக்கல."

"அய்யய்யோ!"

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாலு பேரில் அவள் மூன்றாவது. அம்மா அதை வாங்கி நாலாக மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டவள், யார் கேட்டும் திருப்பித் தரவில்லை.

அடுத்த நாள் அந்தச் செய்தி அவர் மிஷினுக்கே வந்தது. ஏழாம் பக்கம், அடி மூலை. தபால்தலை அளவில் ஒரு படம், அதில் நாலு முகம். தொண்ணூறாவது தாளை உருவி லென்ஸை வைத்தார். மகளுக்கு இரண்டு மூக்கு.

திருகினார். நூற்றைம்பதில் ஒன்றரை மூக்கு. இருநூறில் மூக்கு சரியாகி, உதடு விலகிப்போயிருந்தது. முதல் பக்கம் எப்போதோ கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. தாளைக் கட்டுகிற ஆள்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர் இன்னும் "வேஸ்ட், வேஸ்ட்" என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

ஃபோர்மேன் ஓடிவந்தார். "யோவ் இருநூறு! வண்டி வாசல்ல நிக்குது. ஏழாம் பக்கம்யா அது, எவன் பாக்கப் போறான்?"

"நான் பாக்கறேன்" என்றார் அவர், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபோர்மேன் குனிந்து படத்தைப் பார்த்தார். இருநூறின் முகத்தையும் பார்த்தார். வண்டிக்காரனிடம் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

வேஸ்ட் அறுநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. அதற்கு அடுத்த தாளில் அவளுக்கு ஒரே மூக்கு, அதுவும் அம்மாவைப் போல.

"இனி உன் பேரு அறுநூறுய்யா" என்றார் ஃபோர்மேன்.

அவர் குவியலிலிருந்து இரண்டு மூக்குத் தாளைத் தேடி எடுத்தார். ஓரத்தில் பென்சிலால், 'தொண்ணூறாவது தாள், சிவப்பு மேல போயிருக்கு' என்று எழுதினார். மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மிஷினை முழு வேகத்துக்கு விட்டார்.