எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாய்

பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்ற கற்பூர மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலே ஏறாத இந்த மலைக்கு அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. விடியுமுன் கங்காணி மாமா அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். சத்தம் பனிக்குள் இறங்கி, பள்ளத்தில் இருந்த லைன் வீடுகளைத் தட்டி எழுப்பும். கூடையும் கத்தியுமாக ஓடிப் போய் வரிசையில் நிற்போம். ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தக் காலை நேரத்தைத்தான் பெரட்டு என்போம்.

கங்காணி மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. தோட்டத்தில் எல்லாருக்குமே அவர் மாமாதான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து நின்று, "ரெடி?" என்று கேட்பார். மாமா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எவ்ரிபடி ரெடி, சார்" என்பார். எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு வாய்தான் பேசும். காய்ச்சலோடு நிற்பவளும், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து நிற்பவனும் அந்த 'எவ்ரிபடி'க்குள் அடக்கம். அது வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

மாமாவுக்கு இங்கிலீசு சொல்லிக் கொடுத்தவர், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. தினசரி வேலைக்கு 'ரெடி' போதும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னால் 'வில்லிங்' என்று சொல்ல வேண்டும். மனசோடு சம்மதம் என்று அதற்கு அர்த்தமாம். துரை பங்களாவில் விருந்து என்று தோட்டம் பெருக்க ஆள் கேட்டால் 'வெரி ஹேப்பி'. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை தமிழ் படித்த எனக்குத் தெரிந்த இங்கிலீசும் இவ்வளவுதான்.

என் அண்ணன் செடி வெட்டும் கூட்டத்தில் இருந்தார். வாய்த்துடுக்கு அதிகம். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது, "மாமா, முதுகு ஒடியுது, நாளைக்கு முடியாதுன்னு சொல்ல இங்கிலீசுல வார்த்தையே இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கும்டா. கிராணி சொல்லித் தரலையே."

"வெள்ளைக்காரனுக்கு முதுகே வலிக்காது போல லா!"

எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். இன்று அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எத்தனை பெரிய பாஷை! அதில் ஆமாம் போடுவதற்கு மட்டும் விதவிதமாகப் பொறுக்கி எடுத்து எங்கள் கையில் கொடுத்தார்களே, யார் கொடுத்த அதிகாரம் அது?

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் தாப்பா பக்கம் இறங்கிப் போனார். போகுமுன் எங்களைக் கூட்டி வைத்து ஏதோ சொன்னார். "உங்களுக்காக எதுவும் செய்யத் தயாரா இருக்காராம்" என்று கிராணி தமிழில் சொன்னார். பிறகு துரை தன் நாயைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டார். தயார் என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருந்த மதிப்பை அன்று கண்ணால் பார்த்தேன்.

வந்த ஜப்பான்காரனும் பெரட்டை மாற்றவில்லை. சூரியன் உதிக்கும் பக்கம் குனிந்து கும்பிடச் சொன்னான், அது ஒன்றுதான் புதிது. அதே மரம், அதே தண்டவாளம். அந்த ஆபீசருக்கு அரைகுறை இங்கிலீசு தெரியும். கிராணிக்கும் தெரியும். அதனால் துரை போன பிறகும் துரையின் பாஷை களத்திலேயே நின்றது. தேயிலையைத் தின்ன முடியாது என்று பாதி மலையில் மரவள்ளி நட்டோம். சாக்குத் துணி கட்டினோம். அரிசியைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

அப்படி ஒரு காலையில் லோரி ஒன்று களத்துக்கு வந்து நின்றது. வடக்கே சயாம் நாட்டில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆம்பளைகள் வேண்டும், அரிசி உண்டு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார் கிராணி. ஆபீசர் மாமாவைப் பார்த்து, "வில்லிங்?" என்றான்.

மாமா தலைப்பாகையைக் கழற்றினார். "எவ்ரிபடி வில்லிங், சார்."

வருஷக்கணக்கில் பழகிய வாய். யோசிக்காமல் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவர் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார்.

என் அண்ணிக்கு அப்போது நிறைமாதம். பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் நின்றவர், வரிசையை விட்டு வெளியே வந்தார். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க மாமா? பிள்ளை பெறப் போறவ நான். என்னைக் கேட்டீங்களா? அவரையாச்சும் கேட்டீங்களா?"

"வழக்கமா சொல்றதத்தானே புள்ள சொன்னேன்..." மாமா கக்கத்தில் இருந்த தலைப்பாகையைத் தடுமாறித் தலையில் வைத்தார்.

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஆபீசர் கேட்டிருக்க வேண்டும். கிராணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஷி இஸ் வெரி ஹேப்பி, சார்" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த இங்கிலீசே அவ்வளவுதானே! அவர் சொன்னது களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பயத்தில் சொன்னார் என்று பிற்காலத்தில் பலர் அவருக்குப் பரிந்து பேசினார்கள். பயம் எங்களுக்கு மட்டும் இல்லையா? அழுதுகொண்டு நிற்கிற ஒருத்தியின் வாயில் அந்தச் சொல்லைத் திணித்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆட்களை லோரியில் ஏற்றத் தொடங்கினார்கள். அண்ணன் ஏறும்போது கங்காணி மாமா கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்னு சொல்ல என்ன வார்த்தை கிராணி? இப்பவாச்சும் சொல்லுங்க."

கிராணி குனிந்தபடி முணுமுணுத்தார். "நோ."

"அவ்வளவுதானா? இத்தனூண்டு வார்த்தையவா இத்தனை நாளா எங்களுக்குத் தரல?"

மாமா லோரிக்கு முன்னால் போய் நின்றார். தலைப்பாகை தலையிலேயே இருந்தது. "நோ, சார். எவ்ரிபடி நோ" என்றார். ஆபீசர் அறைந்த அறையில் தலைப்பாகை சேற்றில் விழுந்தது. அவரையும் தூக்கி லோரியில் போட்டார்கள். லோரி ரிங்லெட் பக்கம் திரும்பும் வளைவு வரை அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினார்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து மாமா திரும்பி வந்தார். கால்களில் புண், உடம்பில் எலும்பு மட்டும். அண்ணன் எங்கோ ரயில் பாதை ஓரத்தில் காய்ச்சலில் போய்விட்டதாக அவர் சொல்லித்தான் தெரிந்தது. தகப்பன் முகம் பாராத பெண் குழந்தை அண்ணியின் இடுப்பில் இருந்தது. மாமா அந்தக் குழந்தையைத் தொடவே இல்லை.

புதுத் துரை வந்தார். பழையபடி பெரட்டு. "ரெடி?" என்றார் துரை. மாமா, "ஆளாளாக் கேளுங்க துரை. என் வாய் எனக்கு மட்டும்தான்" என்று தமிழில் சொன்னார்.

அதே கிராணி, "ஹி இஸ் சிக், சார்" என்றார்.

கங்காணி வேலை போயிற்று. மாமா மண்வெட்டியோடு எங்கள் வரிசையில் வந்து நின்றார். புதுக் கங்காணி தினமும் "எவ்ரிபடி ரெடி, சார்" என்று முடித்ததும், வரிசைக்குள்ளிருந்து மாமாவின் குரல் மெல்ல வரும்: "என்னைக் கேக்கல." சாகும்வரை ஒரு காலைகூட அவர் அதை விட்டதில்லை. சிலர் பைத்தியம் என்றார்கள்.

போன மாதம் தானா ராத்தா டவுனில் ஒரு கூட்டம். மேடையில் படித்தவர் ஒருவர் நம் முன்னோர்களைப் புகழ்ந்தார். சயாம் ரயில் பாதைக்கு அவர்கள் மனமுவந்து போனார்களாம். அதையே இங்கிலீசிலும் அழகாகச் சொன்னார். கைதட்டினார்கள். பக்கத்தில் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பாதி எழுதியிருந்தபோது, அண்ணியின் மகள் எங்கள் இருவரையும் பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். பெரட்டுக் களம் இப்போது வெளியூர்க்காரர்கள் தேநீர் குடிக்கும் கடை. வாசலில் கறுப்பு வர்ணம் பூசிய அதே தண்டவாளத் துண்டு தொங்குகிறது. வருகிறவர்கள் அதை அடித்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கூட்டமாக வந்திருந்த ஒரு இளைஞன் அதை ஓங்கி அடித்துவிட்டு, கேமராவைத் தூக்கினான். "ஆன்ட்டி, நீங்களும் அப்படியே நில்லுங்க லா! ஓகே, எல்லாரும் ரெடி!"

"என்னைக் கேக்கல, தம்பி" என்றேன்.

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேமராவை இறக்கினான். எனக்கு முகம் எரிந்தது, ஆனாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அண்ணி மெதுவாக நடந்து போய், இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த தண்டவாளத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினார்.