மூன்று துளை, ஒரு சாண் தையல்

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டை நாய்க்குட்டிகளில் ஒன்றை நான் தாராவிக்குக் கொண்டுவந்தேன். மற்றதைச் செம்பூரில் இருக்கும் என் தங்கை எடுத்துக்கொண்டாள். போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டுக்கும் கருப்பையை எடுத்தோம். அவளுடையதற்கு வயிற்றில் மூன்று சிறு துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுச் செய்தார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது. எங்களுடையதற்குப் பழைய முறைதான். வயிற்றைத் திறந்து, வேலை முடிந்ததும் ஒரு சாண் நீளத்துக்குத் தைத்துக் கொடுத்தார்கள்.

"பத்து நாள் குதிக்க விடாதே. வலி மாத்திரையை நிறுத்தாதே. காயத்தில் கை வைக்காதே" என்று டாக்டர் இந்தியில் சொல்லி அனுப்பினார். நான் தலையாட்டினேன். யார் புத்தி சொன்னாலும் எனக்குத் தலை மட்டும்தான் ஆடும்.

எங்களுக்குக் கீழே தோல்பைப் பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே வீடு. நாயை மேலே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். மறுநாளே தங்கை வீடியோ அனுப்பிவிட்டாள். அவள் நாய் சோபாவில் ஏறி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, ஆபரேசன் பண்ணுன மாதிரியா இருக்கு?" என்று அவள் சிரிப்பது பின்னால் கேட்டது. எங்களுடையது சோற்றைத் தொடாமல், வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, அது கோபமாக வெளியே வந்தது.

"ரெண்டுக்கும் ஒரே ஆபரேசன்தான? அது ஆடுது, இது நடிக்குது" என்று கத்தினேன்.

எழுந்து நட என்று அதட்டினேன். எழுந்து நடந்தது. கால் நடுங்கியதே தவிரச் சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள், "வலிக்கலன்னா மாத்திர எதுக்கு?" என்று நிறுத்தச் சொன்னேன். மனைவி எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம்தான் அதைச் செய்தேன். இருபத்தைந்து வருடமாகப் பை தைக்கிறவன் நான். எந்தப் பை கடைக்குப் போவதற்கு முன்னாலும், தையலின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து விரித்து இழுத்துப் பார்ப்பேன். வாய் பிளந்தால் அந்தப் பையைத் திருப்பிப் போட்டுவிடுவேன். நாயின் வயிற்றில் இருந்த தையல் சீராக, நெருக்கமாக இருந்தது. யார் போட்டதோ, நல்ல கை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்துவிட்டேன். நாய் கடிக்கவில்லை, கத்தவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டது. "கெட்டியாத்தான் இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு இறங்கினேன்.

காலையில் அதன் அடியில் விரித்திருந்த துணி ரத்தத்தில் நனைந்திருந்தது. துண்டை வயிற்றில் அழுத்திப் பிடித்தபடி டாக்சியில் மாட்டுங்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்தையல் விட்டுவிட்டது என்றார் டாக்டர். என்ன செய்தாய் என்று கேட்டார், தங்கை நாயின் வீடியோவில் தொடங்கி எதையும் மறைக்காமல் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். "உன் தங்கச்சி நாய்க்கு வெறும் மூன்று ஓட்டை. இதற்குத் தோல், அதன் கீழே சதை, எல்லாம் வெட்டுப்பட்டிருக்கிறது. அதற்கும் வலித்திருக்கும், சீக்கிரம் அடங்கியிருக்கும். இதற்கு நாளாகும். நாய் கத்தாவிட்டால் வலி இல்லை என்று யார் உனக்குச் சொன்னது?" என்றார். மறுபடி மயக்கம் கொடுத்து, மறுபடி தைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள்.

அன்று மத்தியானம் அதை மேலே படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

"இவ்வளவு வலிய வச்சிக்கிட்டு அஞ்சு நாளும் ஒரு சத்தம் போடலியே" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றாள் மனைவி. "நீங்க கீழ எறங்கினதும் மொனங்க ஆரம்பிச்சிரும். பகல் பூரா அழுதுட்டுத்தான் கெடக்கும், கீழ மிசின் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்காது. நீங்க ஏணில கால வச்சா வாய மூடிக்கிடும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் நாயைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதுக்கு ஒங்க மேல இருக்கிற பயந்தான் எனக்கும்."

எழுந்து, காதை மேலே வைத்துக்கொண்டே இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் மேலே முனகல் தொடங்கிவிட்டது.