நாற்பத்து மூன்றாம் பக்கத்து வட்டம்

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வாடகை நூலகம் இன்னும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே புத்தகம் எடுக்கும் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்து முடித்ததும், தங்களுக்கென்று வைத்திருக்கும் ஒரு பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போடுவார்கள். காதல் நாவல் அட்டைகளில் எல்லாக் கதாநாயகனும் ஒரே மாதிரி சட்டையில்லாமல் நிற்பதால், படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. என் தங்கையின் பக்கம் நாற்பத்து மூன்று. பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு எலிவால் மாதிரி ஒரு வால்.

அவளுக்கு ஒரு தொடர்மீது பைத்தியம். ஏதோ வெளிநாட்டுக் கல்லூரி; பனித்தரையில் ஹாக்கி ஆடும் பையன்கள் பாகத்துக்கு ஒருவராகக் காதலில் விழுவார்கள். ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஐஸையே பார்க்காத உனக்கு இதெல்லாம் எதுக்குடி என்று நான் ஓட்டுவேன். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அந்த அணியில் அதிகம் பேசாத கோல்கீப்பர் ஒருவன் உண்டு, அஞ்சாவது பாகம் அவனோடது, அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன் என்பாள். ஆஸ்பத்திரியில் நாலாவது பாகத்தைப் பாதி படித்திருந்தபோது போய்விட்டாள். எட்டு மாதம் ஆகிறது.

ஐந்தாவது பாகத்தைப் போன மாதம் நூலக அலமாரியில் பார்த்ததும் எடுத்துவிட்டேன். எனக்கு இந்த மாதிரிக் கதைகள் ஆகாது. ஆனால் அந்தக் கோல்கீப்பர் என்ன ஆனான் என்று வீட்டில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா என்று தோன்றியது.

வேலைக்குப் போகும்போது பறக்கும் ரயிலில் படிக்க ஆரம்பித்தேன். தோளுக்கு மேலிருந்து அவளும் கூடவே படிப்பது போலவே இருந்தது. பக்கத்தைத் திருப்ப அவசரப்பட்டால், இரு அக்கா, நான் இன்னும் முடிக்கல என்று கேட்டது. கேட்டதென்றால் நிஜமாகவே காதில் கேட்டது. திருவான்மியூர் தாண்டும்போது நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு ஒரு வால்.

முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் போன பிறகு அச்சான புத்தகம்தான், சந்தேகமில்லை. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிற ஆள் நான். அன்றைக்குப் பட்டப்பகலில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். பயத்துக்கு நடுவே, எப்படியோ படித்துவிட்டாள் என்று சந்தோஷமாகவும் இருந்தது. தரமணியில் இறங்க வேண்டியவள் வேளச்சேரியில்தான் இறங்கினேன்.

சாயங்காலம் நேராக நூலகத்துக்குப் போய், எனக்கு முன்னால் இதை யார் எடுத்தது என்று கேட்டேன். நூலகம் நடத்தும் அம்மாள் நோட்டைப் புரட்டவே இல்லை.

"உங்க தங்கச்சி கார்டுலதான் போச்சு. அப்பாதான் வந்து வாங்கினு போனாரு. நாலாவது புக்கும் அவர்தான் எடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதா?"

ஹாலில் அந்தப் புத்தகங்கள் கிடந்தால், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர் என் அப்பா. வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது நீங்க போட்டதாப்பா?"

"ஆமா." மடித்த வேட்டியையே மறுபடி பிரித்து மடித்தார். "நாலாவதை அவ பாதியில விட்டுட்டா. மீதியை நான் படிச்சேன். இதையும் படிச்சேன். முழுசாப் படிச்சுட்டுத்தான்மா வட்டம் போட்டேன், சும்மா போடல."

"எதுக்குப்பா?"

"நான் அங்க போனதும் மொதல்ல அதைத்தான் கேப்பா. சொல்லத் தெரியணும்ல." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "அந்தக் கோல்கீப்பர் நல்ல பையன்தான். அவ சொன்னது சரி" என்றார்.

நான் அழுதால் அவரும் அழுவார் என்று புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசிப் பக்கம் பாத்தியா? இன்னும் ஒரே ஒரு பாகம்தானாம். அதோட முடியுது" என்றார். ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்துவிட்டவரைப் போல நிம்மதியாகச் சொன்னார்.

அந்தத் தொடரை எழுதுகிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. இந்நேரம் ஆறாவது பாகத்தை எழுதிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்குப் போனபோது, அவர் அதை எழுதி முடிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.