காகம் கொண்டுபோன பால்போத்தல்

மருமகள் பேரனின் பால்போத்தலையும் அதன் வாயில் மாட்டும் ரப்பர் சூப்பியையும் கொதிநீரில் அவிக்கிறாள். அந்த ரப்பர் மணம் என்னை நாலு வயதுக்கு இழுத்துப்போகிறது.

பள்ளிக்கூடம் மிதிக்காமலே கொடிகாமத்தில் மூன்று கடை போட்டவன் நான். சந்தையில் என்னை ஏமாற்ற ஒருவராலும் முடிந்ததில்லை. ஏமாற்றியது அம்மா ஒருத்திதான்.

ஒருநாள் என் போத்தலைக் காணவில்லை.

“காகம் கொண்டு போட்டுது ராசா,” என்றார் அம்மா. கண்ட காகங்களுக்கெல்லாம் அழுதழுது கல்லெறிந்தேன். பிறகு அரியாலையில் சின்னம்மா வீட்டுக்குப் போனால், அவரின் கைக்குழந்தை வாயில் என் போத்தல். சூப்பியில் நான் கடித்த தடம்கூட இருந்தது.

“அம்மா, உது என்ரை!”

“காகம் எங்களுக்கெல்லோ கொண்டுவந்து தந்தது!” என்று சின்னம்மா சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

திரும்பும்போது அம்மா கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை.