பாரத்துக்கு வந்தவர்கள்

நம் வண்டி ஏன் இவ்வளவு உயரம் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் அதை ஒட்டகம் என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். உங்கள் அம்மாவே முக்காலி போட்டுத்தான் அதில் ஏறுகிறாள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் யாராவது வாடகைக்குக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறி, வெள்ளிமலையும் தாண்டிப் போனால், ஓர் இடத்தில் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மண் பாதை. பாதை என்று சொல்வதே அதிகம். மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளங்களும் பானை பானையாகக் கிடக்கும் கல்லும்தான். அது போய் முடிகிற இடத்தில், ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஊர். அங்கே விளைகிற மரவள்ளிக் கிழங்கைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் பிழைப்பு. போகும்போது அரிசி, உப்பு, சிமென்ட். வரும்போது கிழங்கு. கிழங்கு இல்லாத மாதங்களில் ஆட்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பிக்கப் வண்டி அந்தப் பக்கத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த ஊரில் ஒரு புருஷன் பெண்டாட்டி. சின்ன வயசுக்காரர்கள். அவளுக்குத் தலைப்பிரசவ வலி, நாளுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான் வர முடியும். அங்கே கொண்டுபோய் விட என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ஓடையின் நடுவில் வண்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பின்சக்கரங்களையும் சேர்க்கிற அச்சின் நடுவில் உருண்டையாக ஒன்று தொங்கும், பார்த்திருப்பீர்கள். அது கல்லில் மாட்டிக்கொண்டது. சக்கரங்கள் தண்ணீரில் சும்மா சுற்றின.

ஊர் ஆண்கள் கம்பளியை மூங்கிலில் கட்டி, அவளை அதில் படுக்கவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் நடந்தேன். பாதி வழியில் கூட வந்த பெண்கள் ஒரு பலா மரத்துக்குக் கீழே இறக்கச் சொன்னார்கள். ஆண்கள் திரும்பி நின்றோம். குழந்தை பிறந்தது. அது அழும் அழும் என்று எல்லோரும் காது கொடுத்து நின்றோம். அழவில்லை.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கடப்பாரை கொண்டுவந்து கல்லைப் பெயர்த்து வண்டியை எடுத்துக் கொடுத்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவனும் ஒரு கடப்பாரையோடு நின்றான்.

அடுத்த ஆடியில் அவன் நம் வீட்டுக்கு வந்தான். உங்கள் அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே இருந்தான்.

"அண்ணா, அவ மறுபடி முழுகாம இருக்குறா. ஐப்பசியில நாளு."

"நல்ல சேதிதானே? நாளு கிட்ட வந்ததும் கீழ இட்டுக்கினு வந்துடு. நம்ம வூட்லயே இருக்கட்டும்."

"அப்படித்தான் நெனச்சிக்கினு கீறோம். ஆனா மொதப் பிரசவம் நாளு சொல்லிக்கினா வந்துச்சு? ஐப்பசியில மழ. உன் வண்டி ஓடையத் தாண்டுமா, தாண்டாதா? அத மட்டும் சொல்லு."

தாண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாண்ட வைக்கிறேன் என்றேன்.

வண்டியை உளுந்தூர்பேட்டைக்கு எடுத்துப் போனேன். அங்கே ரோட்டோரமாக லாரிகளுக்குப் பட்டை வேலை பார்க்கிற ஒரு பட்டறை உண்டு. பட்டை என்றால், சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்குமே, அது. வண்டியின் எடையைத் தாங்குவதும் குலுக்கலை வாங்கிக்கொள்வதும் அதுதான். வண்டியை உயர்த்தித் தர வேண்டும் என்றதும் பட்டறைக்காரர் வெற்றிலை வாயோடு அதைச் சுற்றி வந்தார்.

"இன்னாத்துக்குப்பா ஒசரம்? தேருக்கு முன்னாடி ஓட்டப் போறியா?"

"ஓடையில கல்லு தட்டுதுண்ணா."

"கல்லு தட்டுனா கல்ல எடு. வண்டிய இன்னாத்துக்குத் தூக்குற?"

"எடுத்துப் பாத்தாச்சு. மழ வந்தா வேற கல்லு உருண்டு வருது. பிரசவத்துக்கு ஒரு பொண்ண இட்டாரணும்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அப்புறம் கிண்டல் பண்ணவில்லை.

வேலையை நான் கூடவே இருந்து பார்த்தேன். பட்டையை மாற்றினால் வண்டியின் உடம்பு மட்டும்தான் உயரும். கல்லில் தட்டுகிற அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சு மேலே போக வேண்டுமானால் டயர் பெரிசாக வேண்டும். பெரிய டயர் போட்டால் அது மட்கார்டில் இடிக்கும். அது இடிக்காமல் இருக்கத்தான் உடம்பைத் தூக்குகிறது. தூக்கினால் ஷாக் அப்சார்பர் எட்டாது, நீளமானது வாங்க வேண்டும். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய்கூட விறைத்துக்கொண்டு நின்றது. அதையும் மாற்றினார். மட்கார்டின் ஓரத்தைக் கொஞ்சம் அறுத்து மடித்தார். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் அவர், "கெழங்கு ஏத்துற வண்டிதானே? லோடு ஜாஸ்தி இருக்குமே?" என்று கேட்டார்.

"சீசன்ல பின்பக்கம் தரைய தொடும்ண்ணா."

"அப்ப லாரிப் பட்டை ஒண்ணு சேத்துக் கட்டிடறேன். எவ்ளோ ஏத்துனாலும் கல்லு மாரி நிக்கும்."

எனக்கு ஒரே சந்தோஷம். எங்களைப் போல பாரம் ஏற்றிப் பிழைக்கிறவர்களுக்கு, பின்பக்கம் அமுங்காத வண்டிதான் நல்ல வண்டி. அவருக்கும் அதுதான் கணக்கு, எனக்கும் அதுதான். ஏறப்போவது ஒரு பெண், அவள் எடை ஒரு மூட்டைதான் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

புரட்டாசியில் வண்டியை மலைக்கு ஓட்டிப் போனேன். ஓடையில் எங்கேயும் தட்டவில்லை. அக்கரையில் ஊரே வந்து நின்றது. கூட்டத்துக்குப் பின்னால் அவளும் வயிற்றின் மேல் கை வைத்து நின்று பார்த்தாள்.

புருஷன்காரன், "அவ படுக்கப் போற எடத்துல நான் படுத்துக்கினு வரேன். தார் ரோடு வரைக்கும் போயிட்டு வா" என்றான். பின்னால் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கம்பளியை விரித்துப் படுத்தான். எவ்வளவு மெல்ல ஓட்ட முடியுமோ அவ்வளவு மெல்ல ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். அவன் இறங்கி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"கல்லு தட்டலண்ணா. ஆனா வண்டியே கல்லா இருக்குது."

பாரம் இல்லாததால் அந்த லாரிப் பட்டை வளையவே இல்லை. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தோம். கொஞ்சம் தேவலை, ஆனால் போதாது. அந்தப் பட்டையைக் கழற்றிவிடலாம் என்று கீழே வந்து பட்டறைக்குப் போன் போட்டேன். அந்தப் பட்டையோடு சேர்த்துத்தான் உயரம் கணக்குப் பண்ணியிருக்கிறது, கழற்றினால் டயர் இடிக்கும் என்றார் பட்டறைக்காரர். அதற்குப் பதில் மெலிசாக ஒன்று வளைத்துப் போட வேண்டுமாம். ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், தீபாவளி கழித்து வா என்றார்.

அந்தச் செய்தியைச் சொல்ல மறுபடி மேலே போனேன். அவள்தான் முதலில் பேசினாள். வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"கெழங்கு லோடோட போனா அப்படித் தூக்கிப் போடாதில்ல. மூட்ட மேல குந்திக்கினு நான் சந்தைக்கு வந்திருக்கேனே. தொட்டிலாட்டம் போவும்."

"கெழங்கு புடுங்க இன்னும் மாசம் கெடக்குதேம்மா" என்றேன்.

"மண்ணு மூட்ட கட்டி ஏத்தலாம்" என்றான் அவள் புருஷன்.

போன தடவை மூங்கிலின் முன்முனையைத் தோளில் தூக்கிப் போன ஆள் அங்கே இருந்தார். அவளுக்குப் பெரியப்பா முறை. "மண்ணு மூட்ட சேத்துல எறங்கித் தள்ளுமாடா? நாங்க ஏறிக்கிறோம். பாரத்துக்குப் பாரமும் ஆச்சு, சிக்கினா தள்றதுக்கு ஆளும் ஆச்சு."

"பெரியப்பா தொந்தி ஒண்ணே போதும், நாங்க வூட்லயே இருக்குறோம்" என்றது ஒரு குரல்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏழெட்டுப் பேர் ஏறி இரண்டு ஓரமாக உட்கார, புருஷன்காரன் நடுவில் படுத்து இன்னொரு நடை போய் வந்தோம். இந்தத் தடவை அவன் எழுந்து தானாகவே குதித்து இறங்கினான்.

ஐப்பசி பிறந்ததும் அவளைக் கீழே அழைத்து வந்துவிடுவது என்று முடிவாயிற்று. ஐப்பசி பிறக்க விடவில்லை. ஒரு மத்தியானம், மழை பிடித்துக்கொண்டு பெய்யும்போது போன் வந்தது. அந்த ஊரில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மழை இரைச்சலில் "வலிண்ணா" என்ற ஒரு வார்த்தைதான் எனக்குக் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓடை செம்மண் நிறத்தில் ஓடியது. அடியில் ஒரு கல்லும் தெரியவில்லை. ஆண்கள் முன்பே தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். காலால் துழாவி, பெரிய கல் இருக்கிற இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒருவராக நின்றுகொண்டார்கள். ஆள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக் கரையேறினேன். அவளை ஏற்றி, அவள் தலையை மாமியார் மடியில் வைத்துக்கொள்ள, மேலே தார்ப்பாய் கட்டினோம். திரும்பும்போதும் அப்படியே ஓடைக்குள் நின்று வழி காட்டிவிட்டு, இந்தக் கரைக்கு வந்ததும் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது எனக்கு ஸ்டியரிங்கில் தெரிந்தது.

பாதையில் ஓர் இடத்தில் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் வழுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் குதித்துத் தோள் கொடுத்தார்கள். சேற்றோடு மறுபடி ஏறிக்கொண்டார்கள். பின்னாலிருந்து அவள் முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வண்டியிலேயே ஏறிப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, கள்ளக்குறிச்சிக்குத்தான் போக வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் வேறு ஒருத்தியோடு அப்போதுதான் கீழே இறங்கியிருந்தது. காத்திருக்க வேண்டாம், இதிலேயே போய்விடுங்கள், நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

நான் பின்னால் போய், "நீங்க எறங்கிக்குங்க. இனிமே தார் ரோடுதான். நனைஞ்சு போயிருக்கீங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை.

"தார் ரோட்டுல குழி இல்லியா? நாங்க எறங்குனா தூக்கிப் போடும். நீ ஓட்டு" என்றார் பெரியப்பா.

அவர்கள் உடம்பில் சட்டையில்லை, தலையில் துண்டு மட்டும். அப்படியே மலை வளைவுகளில் இறங்கினோம். உயரமான வண்டி வளைவில் சாயும். நான் எந்தப் பக்கம் திருப்புகிறேனோ அதைப் பார்த்து அவர்களும் உடம்பைச் சாய்த்துக் கொடுத்தார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போடுகிற நேரம். தள்ளுவண்டியோடு வந்து அவளை உள்ளே கொண்டுபோனார்கள். புருஷனும் மாமியாரும் கூடப் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். டீ சாப்பிடக் கூப்பிட்டேன்.

"வோணாம். இங்க முடியாதுன்னு இன்னொரு ஊருக்கு அனுப்பிட்டா?" என்றார் பெரியப்பா.

காவலுக்கு இருந்தவர் வந்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். கட்டினேன். அவர்களோடு சேர்த்துத்தான் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து இவர்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஒரு பொண்ணுக்கு இத்தினி பேரா? யாருங்க நீங்கல்லாம்? சொந்தமா?"

"சொந்தந்தாம்மா. ஆனா நாங்க பாரத்துக்கு வந்தவங்க" என்றார் பெரியப்பா.

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. குளிரில் ஒருவருக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நர்ஸ் உள்ளே போய்ப் பழைய போர்வை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ரொம்ப நேரம் ஆயிற்று. மழை விட்டிருந்தது. புருஷன்காரன் வாசல்படியில் வந்து நின்றான். எங்களைப் பார்த்தான். அவன் கிட்டே வந்து, வண்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"அழுதுச்சு" என்றான். "பெரியப்பா, அழுதுச்சு. நல்லா அழுதுச்சு."

"அவ?"

"கண்ணு தொறந்து பாத்தா. பொட்டப் புள்ள."

அப்போதுதான் அவர்கள் இறங்கினார்கள். மடங்கியிருந்த கால் நீட்ட வராமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. வரிசையாக அங்கே போனார்கள். முழங்கால் வரைக்கும் மலைச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. பெரியப்பா குனிந்து இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"உள்ள இப்போ விட மாட்டாங்களே, எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்றேன்.

"வுடும்போது வுடட்டும்பா" என்றார். "சேத்துக் காலோட நின்னா பாக்க முடியுமா?"

தண்ணீர் சிவப்பாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.