சின்ன அறையில் படித்த ஃபின்னிஷ்

எண்பதுகளின்ரை கடைசி. இங்கிலீசுக்காரற்றை நாட்டில, ஸ்ட்ரெதம் எண்ட இடத்தில, அண்ணை வீட்டின்ரை சின்ன அறைதான் என்ரை உலகம். அகதி வழக்கு முடியாததால நாட்டை விட்டு ஒரு அடி வெளியால வைக்கேலாது. அண்ணையும் அண்ணியும் ஷிப்டுக்குப் போக, அவையின்ரை பிள்ளையளும் அடுப்பும் என்ரை தலையில. வாய் திறந்தா, "உனக்கிங்க என்ன குறை?" எண்டு அண்ணி கேப்பா. சீ, மூச்சு முட்டிச்சுது.

தப்ப ஒரேயொரு வழி இருந்தது. எனக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை பின்லாந்தில. அந்த நாட்டுக் குடியுரிமை கிடைச்சதும் இங்க வந்து கலியாணம் முடிச்சு, என்னைக் கூட்டிக்கொண்டு போறது எண்டு பேச்சு. நான் சும்மா இருப்பனோ? லைப்ரரியில அந்த நாட்டுப் பாஷை, ஃபின்னிஷ் படிக்கிற புத்தகமும் கசெட்டும் எடுத்தன்.

முதல் பாடமே பிடிச்சுப்போச்சு. எழுதினதை அப்பிடியே வாசிக்கலாம். இங்கிலீசின்ரை கள்ளத்தனம் இல்லை. எழுத்தும் இங்கிலீசு எழுத்துத்தான். ஆனா 'ஏ'யின்ரை தலையில ரெண்டு புள்ளி குத்தி வைச்சா, ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி வாயை விரிக்கோணும். நெடிலெண்டா எழுத்தை ரெண்டுதரம் எழுதுவினம். துலி எண்டா நெருப்பு, தூலி எண்டா காத்து. அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். வீட்டில, வீட்டுக்கு எண்டு நாங்கள் ஒட்டுற மாதிரி அவையளும் சொல்லுக்குப் பின்னாலதான் ஒட்டுவினம். வெங்காயம் வெட்டி வெட்டிச் சொல்லிப் பாப்பன். "மாமிக்கு விசர்" எண்டு என்னைப் பாத்துப் பிள்ளையள் சிரிப்பினம். சிரியுங்கோ, நான் போனாப் பிறகு ஆர் சோறு போடுறதெண்டு பாப்பம் எண்டு மனசுக்குள்ள கறுவுவன்.

இழுபட்டு இழுபட்டு, தொண்ணூறுகளின்ரை நடுவில அவருக்குக் குடியுரிமை கிடைச்சுது. இப்ப அந்தப் பாஸ்போர்ட்காரர் இங்கயும் வந்திருந்து வேலை செய்யலாமாம் எண்டு அண்ணை சொன்னார்; நான் அதைக் காதில போடேல்லை. அவர் வர முதல் அண்ணை என்ரை அறைக்குப் பெரிய கட்டில் ஒண்டு வாங்கிப் போட்டார். கதவு பாதிதான் திறந்தது.

"கொஞ்ச நாளைக்கு ஏன் அண்ணை இந்த வீண் செலவு?" எண்டன். அண்ணை மெத்தையைத் தட்டிப் பாத்திட்டு வெளியால போனார்.

மாப்பிள்ளை வந்திறங்கி, எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடிக்கேக்கை, வருசக்கணக்காப் பாடமாக்கின கேள்வியை அவரிட்ட ஃபின்னிஷிலயே கேட்டன். "மில்லொயின் லெஹ்தெம்மெ?" எப்ப வெளிக்கிடுறம்?

பிள்ளையள் கை தட்டிச்சினம். அவர் கோப்பையை வைச்சிட்டு அண்ணையை ஒருக்காப் பாத்தார். பிறகு தணிஞ்ச குரலில, "எம்மெ லெஹ்தெ" எண்டார்.

"என்னவாம், என்னவாம்?" எண்டு அண்ணி ஆசையாக் கேட்டா.

அந்த வீட்டில விளங்கினது எனக்கு மட்டும்தான்.

"நாங்கள் அங்க போகப் போறேல்லையாம்" எண்டு நானே தமிழில சொன்னன்.