கேன்டீன் சுவரோரம் ஒரு உள்ளான்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையின் கேன்டீனில் சமைப்பவள் விக்டோரியா. அவளைப் பெற்றவர்கள் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வெளியூர் என்று அவள் போனது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணிக்கு.

புயல் மழை ஓய்ந்த காலையில் குப்பை கொட்டப் போனவள், சுவரோரம் ஒரு உள்ளான் குருவி ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். நீண்டு, முனை லேசாக வளைந்த அலகு. கையில் எடுத்தால் கனமே இல்லை. டீ குடிக்க வந்த உலைத் தொழிலாளி மணிகண்டன் எட்டிப் பார்த்தான்.

"உள்ளானாக்கா? மொளகு போட்டு வறுத்தா சூப்பரா இருக்கும். இப்டி குடு."

"இதுல இன்னாடா கறி கீது? போய் டீயக் குடி."

தக்காளிப் பெட்டியில் துணி விரித்து அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சோறு வைத்தாள், தொடவில்லை. நர்சிங் படிக்கும் மகள் மோனிகா போனில் தேடிப் பார்த்தாள்.

"அம்மா, இது ரஷ்யாவுல பனி கொட்ற எடத்துலேர்ந்து வருதாம். வெயில் காலம் வந்தா திரும்பிப் போய்டுமாம். புழு, பொடி எறாதான் துன்னுமாம்."

"இத்துனூண்டு றெக்கய வச்சிக்கினா அம்மாந்தூரம் வந்துது?"

விக்டோரியா பெட்டியருகே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மார்க்கெட்டுக்குப் போய்ப் பொடி இறால் வாங்கிவந்து, நறுக்கித் தட்டில் தண்ணீரோடு வைத்தாள். அது கொத்தித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குருவி தேறிப் பெட்டியைத் தட்ட ஆரம்பித்தது. சாலையில் தண்ணீர் நின்றதால் பஸ் ஓடவில்லை. பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றவளின் அருகே ஒரு பைக் நின்றது. மணிகண்டன்.

"எங்கக்கா?"

"ஏரிக்கு. இத அதுங்க கூட்டத்துல உடணும்."

பெட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஏறுக்கா" என்றான். வழி நெடுக அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரைச் சேற்றில் நூற்றுக்கணக்கில் உள்ளான்கள் மேய்ந்தன. இறக்கிவிட்ட குருவி அசையாமல் நின்றது. அது நாலடி நடந்தது, அலகைச் சேற்றில் விட்டது, ஓடிப்போய்க் கூட்டத்தில் கலந்தது. சற்றைக்கெல்லாம் கூட்டம் முழுதும் எழும்பி, வெள்ளையாய்த் திரும்பி, ஏரியின் மேல் வட்டமடித்தது.

"இதுல நம்மளுது எதுடா?"

"யாருக்குத் தெரியும்க்கா? எல்லாம் ஒரே மாரி கீது."

எது என்று தெரியாததால் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஜெபம் பண்ணினாள். காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"மத்தியானம் எங்க ஊட்லயே சாப்ட்டுப் போ. மீன் கொழம்பு வைக்கிறேன்."